போரிடும் இனத்தில் தாய்மை எப்படி இயங்குகிறது?

வேற்றுலகப் போர்வீர இனங்களைப் படைக்கும் புனைகதையாளர்கள், அவற்றின் படைக்கலங்களுக்கும் கவசங்களுக்கும் செலவிடும் கற்பனையில் சிறு பங்கைக்கூட அவற்றின் தாய்மார்களுக்குத் தருவது அரிது. பெண் ஆணைவிட உருவில் பெரியவளாகவும், கூட்டத்தை நடத்துபவளாகவும் இருக்கும் ஓர் இனத்தில் அவள் எப்படி ஈனுவாள், எப்படிப் பாலூட்டுவாள், தன் தகுதியை மகளுக்கு எப்படிக் கொடுத்துச் செல்வாள்? இவற்றுக்கு விடை தேட வேறு கோளுக்குப் போக வேண்டியதில்லை. ஆப்பிரிக்கப் புல்வெளிகளின் புள்ளிக் கழுதைப்புலி அந்த வாழ்க்கையைத்தான் வாழ்கிறது.

சில இடங்களில் இவற்றின் கூட்டம் ஒன்றில் எண்பதுக்கும் மேற்பட்டவை இருக்கும். ஒவ்வொன்றுக்கும் வரிசையில் ஓர் இடம் உண்டு. வேறு கூட்டத்திலிருந்து வந்து சேரும் ஆண்களுக்குக் கடைசி இடமே கிடைக்கும்.

பெண்களின் இந்த ஆதிக்கத்தோடு சேர்ந்திருக்கும் உடலமைப்பு பிரசவத்தைக் கொடியதாக்குகிறது. பெண்ணின் பிறப்புறுப்பில் ஒரு பகுதியான கிளிட்டோரிஸ் ஆணுறுப்பைப் போல நீண்டிருக்கிறது. சிறுநீர் கழிப்பதும் புணர்வதும் குட்டி ஈனுவதும் அந்த ஒரே குறுகிய வழியாகத்தான். சுமார் 110 நாள் சுமந்த குட்டி, நடுவில் வளைந்து திரும்பும் நீண்ட பாதையைக் கடந்து வர வேண்டும். தொப்புள்கொடியோ அந்தப் பாதையைவிடக் குட்டையானது. தலைப்பிரசவத்தில் அவ்வுறுப்பு கிழிந்தே வழி திறக்கிறது, குட்டி மூச்சுத்திணறி இறந்து பிறப்பதும் அதிகம். ஒருமுறை கிழிந்தபின் அடுத்த பிரசவங்கள் எளிதாகின்றன.

உயிரோடு பிறக்கும் குட்டி திறந்த கண்களோடும் முளைத்த கோரைப்பற்களோடும் வெளிவருகிறது. இரட்டையாகப் பிறந்தால், உடல் காய்வதற்குள்ளேயே ஒன்று மற்றதன் கழுத்தைக் கவ்வி உலுக்கத் தொடங்கிவிடும். இருவரில் யார் மேல் என்பது அந்த முதல் நாட்களிலேயே முடிவாகிறது. உணவு அரிதான காலத்தில் இச்சண்டை சாவில் முடிவதும் உண்டு. இந்த மூர்க்கத்தில் தாய்க்கும் பங்கிருக்கிறது. கருக்காலத்தின் பிற்பகுதியில் உயர்நிலைத் தாய்களின் உடலில் ஆண்தன்மையைத் தூண்டும் ஆண்ட்ரோஜன் ஹார்மோன்கள் கூடுதலாகச் சுரப்பதையும், அத்தகைய தாய்களின் குட்டிகள் அதிக முரட்டுத்தனம் காட்டுவதையும் 2006-இல் வெளிவந்த ஓர் ஆய்வு பதிவு செய்தது.

ஆனால் கூட்டத்தில் கிடைக்கும் இடம் கருவிலேயே எழுதப்பட்டுவிடுவதில்லை. எனக்கு மிகவும் வியப்பளிப்பது இதுதான். இரையருகே மகள் தாழ்ந்த நிலையிலுள்ள ஒரு முதிய பெண்ணை நோக்கிப் பல்லைக் காட்டும்போது, தாய் அவள் பக்கம் வந்து நிற்கிறாள். முதியவள் காதுகளை மடக்கிக்கொண்டு விலகுகிறாள். இது நூறு முறை நடந்தபின் தாய் அருகில் இல்லாவிட்டாலும் அந்த முதியவள் விலகிவிடுகிறாள். இவ்வாறு மகள் தாய்க்கு அடுத்த படியில் அமர்கிறாள். பின்னால் தங்கை பிறந்தால், தாயின் துணை அவள் பக்கம் சாய்வதால் அக்காள் ஒரு படி இறங்குகிறாள். வேறு தாய் எடுத்து வளர்த்த குட்டிகளும் வளர்ப்புத் தாயின் நிலையையே பெறுவது கண்டறியப்பட்டுள்ளது. ஆகவே மகளின் தகுதி குருதியால் வருவதைவிட, யார் அருகில் நின்றார்கள் என்பதால் வருகிறது.

பால் கொடுப்பதும் எளிதல்ல. பெரியவை நுழைய முடியாத ஒடுங்கிய வளைகளில் பல தாய்களின் குட்டிகள் ஒன்றாகக் கிடக்கும். ஆனால் ஒவ்வொரு தாயும் பெரும்பாலும் தன் குட்டிகளுக்கு மட்டுமே பாலூட்டுகிறாள். இரையை வளைக்குக் கொண்டுவருவது அரிது என்பதால், புரதமும் கொழுப்பும் செறிந்த அந்தப் பாலே மாதக்கணக்கில் அவற்றின் உணவு. தான்சானியாவின் செரெங்கெட்டிப் புல்வெளியில் இரைவிலங்கு மந்தைகள் இடம்பெயரும் காலத்தில், தாய் பல பத்துக் கிலோமீட்டர் நடந்து இரை தேடித் தின்று திரும்புவதற்குள் குட்டிகள் சில நாட்கள் பசித்துக் காத்திருக்கின்றன.

ஓராண்டுக்கும் மேலாகப் பால் குடித்தபின்னும் குட்டியின் மண்டையோடு எலும்பை நொறுக்கும் வலுவைப் பெற்றிருப்பதில்லை. இரைமீது கூட்டமே பாய்ந்து சில நிமிடங்களில் தின்று தீர்க்கும்போது, மெதுவாக மெல்லும் இளசுக்கு எதுவும் மிஞ்சாது. தாய் மற்றவர்களை விரட்டி இடம் பிடித்துக் கொடுத்தால்தான் அது பிழைக்கும். 1988 முதல் கென்யாவின் மாசாய் மாராவில் இவ்விலங்குகளை ஆராய்ந்துவரும் கே ஹோல்காம்ப்பும் அவருடைய குழுவினரும், பெண்கள் இத்தனை பெரியவர்களாகவும் முரட்டுத்தனம் உடையவர்களாகவும் பரிணமித்ததற்கே அந்த மெதுவான தாடைகள் காரணமாக இருக்கலாம் எனக் கருதுகின்றனர்.