கையெழுத்தைப் பார்க்கும் முன் பேனாவைப் பாருங்கள்

அமெரிக்க பேஸ்பால் ஆட்டக்காரர் லூ கெரிக் 1941 ஜூன் மாதம் இறந்துபோனார். அமெரிக்காவில் பால்பாயிண்ட் பேனா முதன்முதலாகக் கடைக்கு வந்தது 1945 அக்டோபர் இறுதியில். நியூயார்க்கின் கிம்பெல்ஸ் கடையில், ஒன்று பன்னிரண்டரை டாலருக்கு விற்றார்கள். ஆகவே கெரிக்கின் பழைய பேஸ்பால் கார்டில் (ஆட்டக்காரரின் படம் அச்சிட்ட சிறு சேகரிப்பு அட்டை) அவர் கையெழுத்து பால்பாயிண்டில் இருந்தால், எழுத்தின் சுழியையும் சாய்வையும் ஆராய வேண்டிய வேலையே நமக்கு இல்லை.

நான் ஆவண ஆய்வாளர். உயில், காசோலை, ஒப்பந்தம் என்றுதான் பெரும்பாலும் பொழுது போகும். நடுநடுவே பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு பழைய கார்டு வரும். கொண்டுவருகிறவர்களில் நம்மவர்களும் உண்டு. பிள்ளை போகிமான் கார்டில் தொடங்கியிருப்பான், அப்புறம் பேஸ்பாலுக்குத் தாவியிருப்பான், கடைசியில் அவன் ஒதுங்கிக்கொள்ள அப்பா முழுநேரச் சேகரிப்பாளராகியிருப்பார். எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: “இது அவர் கையெழுத்துதானா சார்?”

அதற்கு முன் நான் பார்ப்பது மூன்று காலங்களை. கார்டு எப்போது அச்சானது, அந்தப் பேனா எப்போது சந்தைக்கு வந்தது, ஆட்டக்காரர் எதுவரை உயிரோடு இருந்தார். மூன்றும் ஒத்துப்போனால்தான் மேற்கொண்டு பேச்சு. ஷார்ப்பி மார்க்கர் வந்தது 1964-இல். பழைய ஆட்டக்காரர் டை காப் 1961-இலேயே போய்விட்டார். அவர் பெயர் ஷார்ப்பியில் பளபளக்கும் கார்டுகளை இன்றும் யாரோ விற்கிறார்கள், யாரோ வாங்குகிறார்கள்.

கார்டிலேயே ஏமாறுவதும் உண்டு. டாப்ஸ் நிறுவனத்தின் 1952-ஆம் வருட மிக்கி மேன்டில் கார்டு ஒன்று 2022-இல் 1.26 கோடி டாலருக்கு ஏலம் போனது. அதில் பேனாக் கையெழுத்துகூடக் கிடையாது. அந்த வருடக் கார்டுகளின் முகப்பில் ஆட்டக்காரரின் கையெழுத்து அச்சாகவே வந்திருக்கும். அதைப் பேனாவால் போட்டது என்று நம்பி வருகிறவர்கள் குறைவில்லை. பத்து மடங்கு லென்ஸை வைத்தால் அச்சுப்புள்ளிகளும் மைக்கோடும் வேறுவேறு என்று தெரிந்துவிடும். இன்னொன்று, டாப்ஸே 1983-இல் அந்த வரிசையை மறுபதிப்பாக வெளியிட்டது. அசல் கார்டு இரண்டே ஐந்தெட்டு அங்குல அகலம், மூன்றே முக்கால் அங்குல உயரம். மறுபதிப்பு இரண்டரைக்கு மூன்றரை. ஸ்கேலை வைத்தாலே போதும், ஆனால் ஆசை வந்தபின் யார் ஸ்கேலைத் தேடுகிறார்கள்?

இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய கார்டுகளுக்குப் புறஊதா விளக்கு நல்ல துணை. காகிதத்தை வெள்ளைவெளேரென்று காட்டும் ரசாயனங்கள் 1940களின் இறுதிக்குப் பிறகுதான் காகித ஆலைகளில் பரவின. 1933-இல் கௌடி என்ற பாஸ்டன் சூயிங்கம் நிறுவனம் வெளியிட்ட, புகழ்பெற்ற ஆட்டக்காரர் பேப் ரூத்தின் கார்டு அந்த வெளிச்சத்தில் மங்கலாகத்தான் தெரிய வேண்டும். நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் அட்டை பிற்காலத்தது என்று சந்தேகப்பட வேண்டியதுதான்.

கெட்டிக்காரப் போலிக்காரன் இதையெல்லாம் கடந்துவிடுவான். நிஜமான பழைய கார்டை மலிவாக வாங்குவான். மலிவாகக் கிடைப்பது மூலை தேய்ந்து, நடுவே மடிப்பு விழுந்த கார்டு. பழைய இங்க் பேனாவையும் தேடிப் பிடித்துக் கையெழுத்துப் போடுவான். அங்கேதான் மாட்டுவான். புது அட்டையில் மேல்பூச்சு இருப்பதால் மை மேலேயே நிற்கும், கோட்டின் விளிம்பு சுத்தமாக இருக்கும். மடிப்பில் அந்தப் பூச்சு உடைந்து நார் வெளியே தெரியும்; அதன்மேல் பேனா போனால் மை நாருக்குள் இறங்கி, மடிப்பின் வழியே இருபக்கமும் கசியும். கையெழுத்து முதலில், மடிப்பு பிறகு என்றால் கோடு உடைந்திருக்கும், கசிந்திருக்காது. இந்த முன்பின் வரிசையை நுண்ணோக்கியில் பார்ப்பதுதான் இந்தத் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்த வேலை. பையன் ஒருவன் ஏற்கெனவே மடித்த கார்டில் ரூத் நிஜமாகவே கையெழுத்துப் போட்டிருக்கவும் கூடும். 1948 வரை அவருக்குக் காலம் இருந்ததே. அதனால் மடிப்பை வைத்து மட்டும் நான் தீர்ப்புச் சொல்வதில்லை. ஆனால் அறுபது எழுபது வருடத் தேய்மானம் முழுவதற்கும் மேலே மை உட்கார்ந்திருந்தால், அதற்கு விற்பவர் பதில் சொல்லியாக வேண்டும்.

அதன் பிறகுதான் எழுத்து. ரூத் 1920களில் ‘பேப்’ என்ற பெயரைப் பெரும்பாலும் மேற்கோள் குறிக்குள் எழுதினார், பிறகு அதை விட்டுவிட்டார். ஷூலெஸ் ஜோ ஜாக்ஸனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பல சமயம் மனைவி கேட்டியே அவர் பெயரை எழுதிக் கொடுத்தார். நட்சத்திரங்களுக்குப் பதிலாக அணியின் உடைமாற்றும் அறையில் வேலை செய்த பையன்கள் போட்ட கையெழுத்துகளும் ஏராளம். மேன்டிலின் 1950களின் தொடக்கக் கையெழுத்தும் 1980களில் கார்டு ஷோக்களில் அவர் போட்டதும் பார்க்கவே வேறு. பழைய கார்டில் பிற்காலக் கையெழுத்து இருந்தால் அது போலி ஆகாது, ஆனால் அக்காலத்தியது என்று சொல்லி விற்றால் பொய். போலி எழுத்தை அதன் வேகம் காட்டிக்கொடுக்கும். தினமும் ஆயிரம் முறை போட்டவரின் கோடு ஓடும்; பார்த்து வரைபவரின் கோடு ஊர்ந்து, நடுங்கி, தேவையில்லாத இடத்தில் பேனாவைத் தூக்கி வைத்திருக்கும்.

சான்றிதழ் இருக்கிறதே என்பார்கள். 1990களின் பிற்பகுதியில் எஃப்பிஐ ‘ஆபரேஷன் புல்பென்’ என்ற பெயரில் கலிஃபோர்னியாவில் பெரிய போலிக் கும்பலைப் பிடித்தது. கையெழுத்தோடு சான்றிதழையும் அவர்களே தயாரித்தார்கள். அன்னை தெரசா கையெழுத்திட்ட பேஸ்பால்கூட அந்தச் சரக்கில் இருந்தது! சான்றளிக்கும் நிறுவனங்களான பிஎஸ்ஏ, ஜேஎஸ்ஏ, பெக்கெட் போன்றவை கொடுப்பதும் நிபுணர் கருத்துதான். பிஎஸ்ஏ முதன்முதலாகத் தரமிட்டு பத்துக்கு எட்டு மதிப்பெண் கொடுத்த ஹோனஸ் வாக்னர் கார்டின் ஓரங்களைப் புதிதாகத் தெரியும்படி தானே வெட்டியதாக வியாபாரி பில் மாஸ்ட்ரோ 2013-இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். எனவே உறையின் மேலுள்ள எண்ணை அந்நிறுவனத்தின் தளத்தில் சரிபாருங்கள். லேபிளையும் முழுசாகப் படியுங்கள். கார்டுக்கு மட்டும் சான்று, கையெழுத்துக்கு இல்லை என்ற லேபிள்களும் உண்டு.

வாங்கியாச்சு என்றால் வெயில் படாமல் வையுங்கள், பிவிசி உறையில் போடாதீர்கள். மங்கிய மையின் மேல் எழுதிப் புதுப்பிக்க நினைக்கவே நினைக்காதீர்கள்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது, ரூத்தையும் கெரிக்கையும் கொஞ்ச காலம் விட்டுவிடுங்கள். 1960, 70களில் ஆடி, இன்று பெரிதாக யாரும் நினைக்காத எத்தனையோ ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கார்டு சில டாலருக்குக் கிடைக்கும். அந்த விலைக்குக் கள்ளக் கையெழுத்துப் போட யாரும் மெனக்கெட மாட்டார்கள். உயிரோடு இருப்பவர்களில் பலர் தபாலில் அனுப்பினால் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்புகிறார்கள். சிலர் சிறு கட்டணம் கேட்பார்கள், முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். உங்கள் முகவரி எழுதி ஸ்டாம்ப் ஒட்டிய உறை ஒன்றைக் கார்டோடு வைத்து அனுப்ப மறக்க வேண்டாம்.