“பர்சனல் வேலை” என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள்

போன வாரம் இன்னொருவர் ராஜினாமா செய்துவிட்டுக் கிளம்பிப் போனார். பெங்களூரில் 14 வருடமாக மனிதவளத் துறையில் இருக்கிறேன், ராஜினாமா எனக்குப் புதிதில்லை. ஆனால் வாயைத் திறந்து கேட்காததால் ஒருவர் வேலையை விட்டுப் போவது இந்த வருடத்தில் மட்டும் நான்காவது தடவை. மனசு ஆறவில்லை, அதனால் எழுதுகிறேன். சம்பந்தப்பட்டவரிடம் கேட்டுக்கொண்டு, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அந்தத் தம்பி ஓசூரில் குடியிருக்கிறார், வேலை எலக்ட்ரானிக் சிட்டியில். அப்பாவுக்குச் சிறுநீரகம் பழுது. செவ்வாயும் வெள்ளியும் காலை ஆறு மணிக்கு டயாலிசிஸ், நாலு மணி நேரம் ஆகும். முடிந்ததும் அவருக்குத் தலை சுற்றும். ஆட்டோவில் ஏற்றி, வீட்டில் படுக்கவைத்து, கஞ்சி கொடுத்துவிட்டு, அத்திபெலே நெரிசலைத் தாண்டி அலுவலகம் வந்துசேரப் பன்னிரண்டு மணி ஆகிவிடும். வேலை தொடங்குவதோ ஒன்பதரைக்கு.

மேலாளருக்கு அனுப்பிய செய்திகளை எனக்குக் காட்டினார். மூன்று மாதத்தில் 23 செய்திகள். எல்லாம் ஒரே வரி: “பர்சனல் வேலை, இன்னைக்குக் கொஞ்சம் லேட்டாகும்.” டயாலிசிஸ் என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. அப்பா என்ற சொல்கூட இல்லை.

இந்த ஊர் ஐ.டி. அலுவலகங்களில் வாரம் இரண்டு முறை “பர்சனல் வேலை” என்றால் என்ன அர்த்தம் தெரியுமா? வெளியே இன்டர்வியூ போகிறார் என்று அர்த்தம். மேலாளரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். போகப்போகிற ஆள்தானே என்று புது பிராஜெக்டில் பெயரைச் சேர்க்கவில்லை. ரேட்டிங் இறங்கியது. தம்பி மனம் நொந்து, உண்மையிலேயே இன்டர்வியூவுக்குப் போக ஆரம்பித்தார்.

விஷயம் தெரிந்ததும் அந்த மேலாளர் தலையில் கையை வைத்துக்கொண்டார். அமெரிக்க வாடிக்கையாளரோடு பேச, இரவு ஒன்பது வரை இருக்க ஆள் கிடைக்காமல் அவர் மூன்று மாதமாகத் தவித்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு மணிக்கு வந்து ஒன்பதுக்குப் போகிற ஆள்தான் அவருக்கும் வேண்டியிருந்தது.

“ஏம்பா சொல்லல?” என்று கேட்டேன். “அவரும் தமிழ்தான், அண்ணான்னுதான் கூப்பிடுவேன். என் முகத்தைப் பார்த்தாலே புரிஞ்சிருக்கணும் மேடம்.”

இந்த நினைப்புதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. முகத்தைப் பார்த்து யாருக்கும் எதுவும் புரியாது. உங்கள் மேலாளருக்குக் கீழே பத்துப் பதினைந்து பேர் இருப்பார்கள். அவருக்கு மேலே ஒருவர் உட்கார்ந்துகொண்டு அவரைக் கேள்வி கேட்டுக்கொண்டிருப்பார். பாதிப் பேரைத் திரையில்தான் பார்க்கிறார், அதிலும் கேமரா அணைந்திருக்கும். நல்லவராக இருந்தாலும் தெரியாது, அண்ணன் மாதிரி இருந்தாலும் தெரியாது. பெற்ற அம்மாவே அழுத பிள்ளைக்குத்தான் முதலில் பால் கொடுப்பாள் என்று நம் ஊரில் சும்மாவா சொன்னார்கள்? நன்றாக உழைத்தால் கவனிப்பார்கள் என்பதும் இதே நினைப்புதான். சத்தமில்லாமல் நன்றாக உழைக்கிறவரைப் பார்த்தால், இவருக்கு எந்தக் குறையும் இல்லை என்றுதான் மேலே இருப்பவர் நினைப்பார்.

“நான் சொன்னேன் மேடம்” என்று வருகிறவர்களும் உண்டு. என்ன சொன்னீர்கள்? “கொஞ்சம் கஷ்டமா இருக்கு சார்.” அதைக் கேட்டவர் என்ன செய்ய முடியும்? “பாத்துக்கலாம்” என்பார், அத்தோடு முடிந்தது. எந்த நாள், எத்தனை மணி நேரம், எதுவரைக்கும், அந்த நேரத்து வேலையை யார் எப்படிப் பார்ப்பது, இந்த நாலும் இருந்தால்தான் அது கோரிக்கை. “செவ்வாய், வெள்ளி பன்னிரண்டு மணிக்கு வருகிறேன், ஒன்பது வரை இருக்கிறேன், மூன்று மாதம் பார்ப்போம்.” இவ்வளவுதான். நோயின் முழுக் கதையும் வேண்டாம்.

டீக்கடையிலோ லிஃப்டிலோ பேசாதீர்கள். கால் மணி நேரம் தனியாகக் கேட்டு வாங்கி உட்காருங்கள். பேசி முடித்த அன்றே, பேசியதை நாலு வரி மின்னஞ்சலாக அனுப்புங்கள். மேலாளர் மாறினால் அந்த நாலு வரிதான் உங்களுக்குத் துணை. ஆங்கிலம் சரளமாக வராது என்று தயங்குகிறவர்கள் எழுதி வைத்துக்கொண்டே பேசலாம், யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள்.

சம்பள உயர்வு வேண்டுமென்றால் மார்ச் கடைசியில் வராதீர்கள். ஏப்ரல் உயர்வுக்கான பணம் அதற்குள் பிரித்து முடிந்திருக்கும். தீபாவளி முடிந்த கையோடு பேச்சை எடுங்கள்.

கர்ப்பமாக இருப்பதை ஏழாம் மாதம் வரை மறைக்கிற பெண்களிடம் ஒரு வேண்டுகோள். முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு என்பது 2017-இல் வந்த திருத்தத்திலிருந்தே சட்டம் தந்த உரிமை, யாரும் போடும் பிச்சை இல்லை. விடுப்பு முடிந்த பிறகு, வேலையின் தன்மை இடம்கொடுத்தால், வீட்டிலிருந்து வேலை செய்ய நிறுவனத்தோடு பேசி முடிவுசெய்துகொள்ளலாம் என்பதும் அதே திருத்தத்தில் வந்ததுதான். பேசி முடிவுசெய்ய வேண்டிய விஷயம் அது. கேட்காவிட்டால் அது தானாக வராது. தயவுசெய்து முன்கூட்டியே சொல்லுங்கள் அம்மா, உங்களுக்குப் பதில் ஆள் ஏற்பாடு செய்ய எங்களுக்கும் நேரம் வேண்டும்.

சரி, கேட்டும் மறுத்தால்? மறுக்கிறவர்கள் இருக்கிறார்கள், நான் பார்த்திருக்கிறேன். காரணம் கேளுங்கள், மறுபடி எப்போது பேசலாம் என்று தேதி கேளுங்கள். தேதியும் தராவிட்டால் அந்த மின்னஞ்சலோடு எங்களிடம் வாருங்கள். எழுத்தில் ஒன்றும் இல்லாமல் வந்தால் எங்களால் அதிகம் செய்ய முடிவதில்லை.

அந்தத் தம்பியை நிறுத்திவைக்க முயன்றோம். வேறு இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார், வாக்கு மாற மனம் வரவில்லை. புது அலுவலகம் வைட்ஃபீல்டில், ஓசூரிலிருந்து இன்னும் தூரம். சேருகிற அன்றே அப்பாவைப் பற்றிச் சொல்லிவிடு என்று சொல்லித்தான் அனுப்பினேன். நேற்று ராத்திரி செய்தி வந்தது: “சொல்லிட்டேன் மேடம். செவ்வாய், வெள்ளி வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லிட்டாங்க.”