போலிஸ் ரிப்போர்ட்ல "மழை"ன்னு மட்டும் எழுதிட்டு வந்துடாதீங்க

மலேசியாவுல பேராக், சுங்கை சிப்புட்ல எக்சிடென்ட் கேஸ் நடத்துற லோயர் நான். என்கிட்ட வர்றவங்கள்ல முக்கால்வாசி பேர் மோட்டர் சைக்கிள்ல விழுந்தவங்க, அவங்க போலிஸ் ரிப்போர்ட்ட பாத்தா ஒரே வரிதான் இருக்கும், "ஹூஜான், ஜாலான் லீச்சின்". மழை, ரோடு வழுக்குச்சு, அவ்வளவுதான். 24 மணி நேரத்துக்குள்ள ரிப்போர்ட் பண்ணணும்னு சட்டம், வலியோட போய் எழுதுறாங்க, புரியுது, ஆனா அந்த ஒரு வரிய வச்சே எதிர்த்தரப்பு "யாரு மேலயும் தப்பில்ல, எல்லாம் மழை"ன்னு சொல்லிடுது.

ஒரு அக்கா கேஸ் சொல்றேன். செம்பனை லோரி வெளிய வர்ற முச்சந்தியில சாயங்காலம் ஆறரைக்கு மோட்டர் சறுக்கி தொடை எலும்பு முறிஞ்சு போச்சு. மழை நாலு மணிக்கே விட்டுடுச்சு, தார் ரோடு காய்ஞ்சிடுச்சு, அங்க வழுக்குனது தோட்டத்து மண் ரோட்டுல இருந்து லோரி டயர் அப்பிக்கிட்டு வந்து போட்ட செம்மண்ணு, யாரும் கழுவல. அவங்க தம்பி ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள போன்ல ரெண்டு படம் எடுத்து வச்சிருந்தான், சேத்துல டயர் தடம் வளைஞ்சு திரும்புறதும் பக்கத்துல ரோடு வெளுத்து கிடக்குறதும் நல்லா தெரியுது.

எதிர்த்தரப்பு ஈப்போ ஏர்போர்ட் வானிலை ஸ்டேஷன் ரெக்கார்ட கொண்டாந்து "அன்னிக்கு மழையே இல்ல, சேறு எங்கிருந்து வந்துச்சு, ரிப்போர்ட்டே பொய்"ன்னாங்க. அது இங்கிருந்து கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர். நம்ம பக்கத்து சாயங்கால இடிமழை, அதுவும் ஏப்ரல் மே, அக்டோபர் மாசத்துல, தோட்டத்துல ஒரு டிவிஷன்ல (பிரிவுல) கொட்டும், அடுத்த டிவிஷன்ல கொடியில துணி காயும், தோட்டத்துல இருந்தவங்களுக்கு இது தெரியாதா!

தோட்டத்து ஆபிஸ்ல மழை அளக்குற புக் இருக்கும்னு கிராணி (ஆபிஸ் கிளார்க்) ஐயாகிட்ட போய் கேட்டோம். எடுத்துக் காட்டுனாரு, எக்சிடென்ட் தேதிக்கு நேரா சைபர்! அந்த அக்கா மூஞ்சி வாடிப் போச்சு. அப்புறம் அவரே விரல அடுத்த வரியில வச்சாரு, 22 மில்லிமீட்டர். காலையிலதான் டப்பாவ பாத்து எழுதுவோம் சார், நேத்து சாயங்காலம் பெய்ஞ்சது இன்னிக்கு தேதியிலதான் ஏறும்னாரு. அந்த ஒரு வார்த்தைதான் கேஸ தூக்கி நிறுத்துச்சு. கடைசியில லோரி இன்சூரன்ஸ் பேசி முடிச்சாங்க, பாத்து ஓட்டலன்னு இவங்க பங்குக்கு கொஞ்சம் கழிச்சாங்க, அது நியாயம்தான்.

வானிலைத் துறைகிட்ட கட்டணம் கட்டி ரெக்கார்ட் வாங்கலாம், ஜேபிஎஸ் (வடிகால், நீர்ப்பாசனத் துறை) மழை ஸ்டேஷன் உங்க தோட்டத்துக்கு இன்னும் கிட்ட இருக்கலாம், அதையும் கேளுங்க. கம்ப்யூட்டர்ல எடுத்த பேப்பர்னா 1950 சாட்சியச் சட்டம் 90ஏ பிரிவுப்படி அந்த கம்ப்யூட்டர் வேலைய பொறுப்பா பாத்துக்கிறவரோட சர்டிபிகேட் வேணும். சாட்டலைட் படத்துல யூடிசி நேரம் (உலகப் பொது நேரம்) போட்டிருந்தா நம்ம நேரத்துக்கு 8 மணி நேரம் கூட்டிப் பாருங்க, இத விட்டுட்டு கோர்ட்ல மாட்டுனவங்க இருக்காங்க.

ரிப்போர்ட்ல மழை எப்ப விட்டுச்சு, ரோட்டுல என்ன கிடந்துச்சுன்னு எழுதுங்க. கேஸ் போட பொதுவா 6 வருஷம் டைம் இருக்கு, கவர்மென்ட் மேலன்னா 36 மாசம், ஆனா அதுக்காக உக்காந்திருக்காதீங்க, தோட்டம் கைமாறுனா அந்த மழை புக்கெல்லாம் ஸ்டோர்ல கரையான் தின்னுடுது, முதல் மாசமே போய் கிராணிகிட்ட கேட்டு ஒரு காப்பி எடுத்து வச்சிடுங்க.