ஃபயர்டேம்ப் என்றால் கொள்ளிவளி

நிலக்கரிச் சுரங்க விபத்துகளைப் பற்றிப் படிக்கும்போது ஃபயர்டேம்ப் என்ற சொல் அடிக்கடி கண்ணில் படும். டேம்ப் என்றதும் நமக்கு ஈரம்தான் நினைவுக்கு வரும். அப்படியே பெயர்த்தால் ‘தீ ஈரம்’ என்று வந்து நிற்கும். தீயில் ஏது ஈரம்?

இந்த டேம்ப் ஜெர்மானிய மொழிகளின் பழைய சொல். ஜெர்மனில் இன்றும் டாம்ப்ஃப் என்றால் நீராவி. ஆங்கிலத்திலும் அதன் பழைய பொருள் ஆவி, கெட்ட காற்று என்பதுதான். ஈரம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. சுரங்கத்துக்காரர்கள் மட்டும் பழைய பொருளை விடவில்லை. மூச்சை அடைக்கும் காற்று பிளாக்டேம்ப், அழுகிய முட்டை போல் நாறுவது ஸ்டிங்க்டேம்ப், வெடிப்புக்குப் பிறகு மிஞ்சும் நச்சுக்காற்று ஆஃப்டர்டேம்ப். தீப்பற்றுவது ஃபயர்டேம்ப்.

அதில் பெரும்பகுதி மீத்தேன். கரி உருவானபோதே அடுக்குக்குள் அடைபட்ட வாயு, வெட்ட வெட்ட வெளியே வரும். காற்றைவிட இலேசானது என்பதால் கூரையோரம் தேங்கும். காற்றில் 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருந்தால் ஒரு பொறி போதும், வெடிக்கும். அதிலும் 9.5 சதவீதத்தை ஒட்டி இருந்தால் வேகம் உச்சத்தில் இருக்கும். ஒருகாலத்தில் ஓர் ஆளுக்கு ஈரச் சாக்கைப் போர்த்திவிட்டு, நீண்ட கழியின் நுனியில் தீயோடு தவழ்ந்து போய் வாயுவைக் கொளுத்தச் சொல்வார்கள். மற்றவர்கள் பிறகு இறங்குவார்கள். 1812இல் இங்கிலாந்தின் ஃபெல்லிங் சுரங்கத்தில் 92 பேர் இறந்தார்கள். 1815இல் ஹம்ப்ரி டேவி, சுடரைச் சுற்றிக் கம்பி வலை போட்ட விளக்கைச் செய்தார். வலை சூட்டை உறிஞ்சிவிடுவதால் தீ வெளியே தாண்டாது. வாயு இருந்தால் சுடரின் தலையில் நீல நிறத்தில் ஒரு தொப்பி தெரியும். விளக்கே அளவுகோலும் ஆகிவிட்டது.

மீத்தேன் என்ற பெயர் எங்கிருந்து வந்தது? கிரேக்கத்தில் மெத்தி என்றால் மது, ஹீலே என்றால் மரம். மரத்தைக் காய்ச்சி வடித்த சாராயத்துக்காக 1834இல் பிரெஞ்சு வேதியியலாளர்கள் இரண்டையும் சேர்த்தார்கள். அந்த வேரிலிருந்து 1866இல் ஹோஃப்மன் என்ற ஜெர்மானியர் மீத்தேனை ஆக்கினார். கிரேக்க மெத்தியும் வடமொழி மதுவும் ஒரே வேர். மது என்றால் தேனும்தான். மீத்தேனுக்குள் தேன் ஒலிப்பது தற்செயல்தான், ஆனாலும் வேடிக்கை.

சரி, தமிழில் என்ன சொல்வது? மன்னார்குடித் திட்டத்துக்கு எதிரான போராட்டத்துக்குப் பிறகு மீத்தேன் டீக்கடைச் சொல்லாகிவிட்டது. அந்த வாயுவுக்கு அதுவே போதும். சுரங்கக் காற்றுக்குத்தான் தனிச்சொல் வேண்டும். டேம்ப் என்பது ஆவிதானே என்று ‘தீயாவி’ என்று வைக்கலாம். படிப்பவர் ‘தீய ஆவி’ என்று படித்துவிட்டு மந்திரவாதியைத் தேடுவார். எனக்குப் பிடித்தது கொள்ளிவளி. கொள்ளி என்றால் எரியும் கட்டை, வளி என்றால் காற்று. சதுப்பில் இரவில் மினுங்கிய வெளிச்சத்தைத்தான் நம்மவர்கள் கொள்ளிவாய்ப் பிசாசு என்றார்கள் என்றும், அதற்குக் காரணம் சதுப்பின் வாயுதான் என்றும் விளக்கம் சொல்வதுண்டு. ஆக பிசாசு இதிலும் எட்டிப்பார்க்கிறது, பரவாயில்லை. அதே வரிசையில் பிளாக்டேம்ப் மூச்சடை வளி, ஆஃப்டர்டேம்ப் பின்வளி. வெடியில் தப்பியவர்களையும் கொல்வது பின்வளியில் உள்ள கார்பன் மோனாக்சைடு.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். கொள்ளிவளிக்குள் கரித்தூசு அடங்காது. சிறிய வெடிப்பு தரையில் படிந்த தூசைக் கிளப்பிவிடும். அந்தத் தூசு தீப்பிடித்து அடுத்த சுரங்கப்பாதையின் தூசைக் கிளப்பும், இப்படியே மைல் கணக்கில் ஓடும். 1906 மார்ச் 10 அன்று பிரான்சின் கூரியேரில் 1,099 பேரைக் கொன்றது இந்தத் தூசுதான். பிரெஞ்சுக்காரர்கள் வாயு வெடிப்புக்கு ஒரு பெயரும் தூசு வெடிப்புக்கு இன்னொரு பெயரும் வைத்திருக்கிறார்கள். தடுக்கும் வழியும் வேறு: வாயுவுக்குக் காற்றோட்டம், தூசுக்குச் சுண்ணாம்புக்கல் தூள் தூவுவது. 1965இல் இன்றைய ஜார்க்கண்டின் தோரி சுரங்கத்தில் 268 பேர் இறந்ததும் கரித்தூசு வெடிப்பில்தான். அதைக் கொள்ளிவளி என்று எழுதினால் தப்பு. ‘கரித்தூசு வெடிப்பு’ என்றே எழுதவேண்டும்.