தீட்டுக்கல்: சவரக்கத்திக்குரிய கல்லின் சரியான தமிழ்ப் பெயர்

மடக்கிச் செருகும் பழைய சவரக்கத்தியின் வாயைக் கூராக்கும் தட்டையான கல்லை அதன் ஆர்வலர்கள் ஆங்கிலச் சொல்லால் 'ஹோன்' என்கிறார்கள். அதைத் தமிழில் எழுத வருகிறவர்கள் பெரும்பாலும் 'சாணைக்கல்' என்று எழுதிவிடுகிறார்கள். அது பிழையன்று, ஆனால் 'சாணை பிடித்தல்' என்றவுடன் நம் மனத்தில் எழுவது சுழலும் சக்கரமும் தெறிக்கும் பொறியுமே. சவரக்கத்தியின் மெல்லிய அலகை அப்படியொரு சக்கரத்தில் வைத்தால் எஃகு சூடேறிப் பதம் கெட்டுவிடும். அதற்கு வேண்டியது அசையாமல் கிடக்கும் கல்லின்மேல் நீரோ எண்ணெயோ விட்டு, அலகைப் படுக்கவைத்து மெல்லத் தள்ளும் கைவேலை. அந்த வேலைக்குத் தமிழில் உள்ள வினை 'தீட்டுதல்'. ஆகவே கல்லின் பெயர் 'தீட்டுக்கல்'.

சாணை என்பது 'சாண' என்னும் வடசொல்லிலிருந்து வந்தது. அங்கே அதற்குக் கூர்தீட்டும் கல், பொன்னை உரைத்துப் பார்க்கும் கல் என இரு பொருளும் உண்டு. இலத்தீனிலும் இதே இரட்டைப் பொருள் காணப்படுவது வியப்பானது: 'கோஸ்' என்றால் தீட்டுக்கல், அதன் சிறுமைப் பெயராகிய 'கோட்டிகுலா'வை முதல் நூற்றாண்டு ரோமானிய எழுத்தாளர் பிளினி உரைகல்லுக்கு வழங்குகிறார். பெல்ஜியத்தின் ஆர்டென் பகுதியில் வெட்டியெடுக்கப்படும் புகழ்பெற்ற சவரக்கல்லுக்குக் 'கோட்டிக்யூல்' என்ற பெயர் அந்தச் சொல்லின் வழியே வந்தது. சாண, கோஸ், ஹோன் ஆகிய மூன்றையும் 'கூராக்கு' என்னும் பொருளுடைய ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரின் கிளைகளாக ஒப்பியல் மொழிநூலார் காட்டுகிறார்கள். ஆக, ஹோனை விலக்கிச் சாணையை ஏற்பவர் தம்பியை வாசலில் நிறுத்திவிட்டு அண்ணனை உள்ளே அழைக்கிறார் என்றுதான் சொல்லவேண்டும்.

தமிழ் இவ்விரு வேலைகளுக்கும் தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறது. பொன்னுக்கு உரைகல், அல்லது குறள் சொல்லும் கட்டளைக்கல், கத்திக்குத் தீட்டுக்கல். தீட்டுதல் கத்திக்கு மட்டும் உரிய வினையன்று. அரிசியைத் தீட்டுகிறோம், கண்ணுக்கு மை தீட்டுகிறோம், ஓவியம் தீட்டுகிறோம். ஒரு பரப்பின்மேல் திரும்பத் திரும்பத் தேய்த்தோ தடவியோ அதை மெருகேற்றுவது இவை எல்லாவற்றிலும் பொது. சவரக்கத்திக்கு நுண்ணிய கல்லில் நடப்பதும் மெருகேற்றமே என்பதால், கரடான அராவலைக் குறிக்காத இந்தச் சொல் இங்கே மிகவும் பொருந்துகிறது. 'தீண்டு' என்பதிலிருந்து பிறந்த, விலக்கைக் குறிக்கும் 'தீட்டு' இதற்கு உறவில்லாத வேறு சொல். 'தீட்டின மரத்திலேயே கூர் பார்ப்பது' என்ற பழமொழியைப் பார்த்தால் மரத்திலும் ஆயுதம் தீட்டியது தெரிகிறது. அதனால் 'கல்' என்ற பின்னொட்டை விட்டுவிடலாகாது.

கல்லின் பெயரைத் திருத்திக்கொள்வது எளிது. கைமாறி வந்த பழைய கல் எந்த வகையைச் சேர்ந்தது என்று அறிவதுதான் கடினம். எண்ணெயும் எஃகுத்தூளும் ஏறி அது பெரும்பாலும் கரிக்கட்டிபோல வரும். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, சோப்பு நீரில் தேய்த்துக் கழுவிய பிறகே நிறத்தைப் பற்றிப் பேசமுடியும். முதலில் அது இயற்கைக் கல்லா என்று பார்க்கவேண்டும். 1891இல் அமெரிக்கரான எட்வர்ட் அச்சிசன் சிலிக்கான் கார்பைடு என்னும் மிகக் கடினமான பொருளைச் செய்து காட்டிய பிறகு அச்சில் வார்த்த செயற்கைக் கற்கள் பெருகின. அவற்றில் துகளும் நிறமும் எங்கும் ஒரே சீராக இருக்கும். இயற்கைக் கல்லிலோ பக்கவாட்டில் ரம்பத்தின் தடமும், அடியில் மேடுபள்ளமும், உடலில் வரியோ புள்ளியோ தென்படும். (செயற்கைக் கற்களில் மற்றொரு பெருவகை அலுமினியம் ஆக்சைடாலானது; அந்தக் கனிமத்தின் இயற்கை வடிவமான குருந்தக்கல்லுக்கு ஆங்கிலம் வழங்கும் 'கொரண்டம்' நம் 'குருந்த'த்திலிருந்து போன சொல்.)

கோட்டிக்யூலின் முகம் பாலேட்டு மஞ்சள். அபிரகத்துக்குள் நுண்ணிய கார்னெட் படிகங்கள் பதிந்த கல் அது. முதுகில் பெரும்பாலும் ஊதா கலந்த நீலச் சிலேட்டு ஒன்று சேர்ந்திருக்கும். இணைப்புக் கோடு நேராகவும் கூர்மையாகவும் ஓடினால் அது பசையிட்டு ஒட்டியது, நெளிந்து ஒன்றோடொன்று கலந்தால் பாறையிலேயே பிறந்த இணைப்பு. சிறு துண்டுக்கல்லால் நீர்விட்டு முகத்தைத் தேய்த்தால் வெண்பால் போன்ற குழம்பு வரும். அமெரிக்காவின் ஆர்க்கன்சா கல் இதற்கு நேர்மாறானது. எளிதில் குழம்பு விடாது. அதன் பாறைப் பெயரான 'நோவாகுலைட்', சவரக்கத்தியைக் குறிக்கும் 'நோவாகுலா' என்ற இலத்தீன் சொல்லிலிருந்து அமைந்தது. அதன் ஒளிகசியும் வகையின் ஓரத்தில் கைவிளக்கைப் பிடித்தால் கல்லுக்குள் வெளிச்சம் பரவும். சிலேட்டில் அது ஒருபோதும் நடக்காது. இங்கிலாந்தின் சார்ன்லி ஃபாரஸ்ட் கல் பச்சை; அதில் செம்பழுப்புக் கீற்றுகள் ஓடும்.

நிறம் ஏமாற்றும் இடத்தில் அடர்த்தி கைகொடுக்கும். காய்ந்த கல்லை எடைபோடுக. பிறகு நீர்ப் பாத்திரத்தைத் தராசில் வைத்து, காட்டும் எடையைப் பூச்சியமாக்கி, கல்லை நூலில் கட்டி அடியைத் தொடாமல் முழுக்க அமிழ்த்துக. இப்போது தராசு காட்டுவது விலகிய நீரின் எடை. முதல் எடையை இரண்டாவதால் வகுத்தால் கிடைப்பது அடர்த்தி: முதலாவது 420 கிராம், இரண்டாவது 150 கிராம் என்றால் 2.8. குவார்ட்ஸின் அடர்த்தி 2.65 என்பதாலும், நோவாகுலைட் ஏறத்தாழ முழுவதும் குவார்ட்ஸே என்பதாலும், 2.8 காட்டும் கறுப்பு நிறக் கல்லை ஆர்க்கன்சா என்று விற்பவரை நம்பவேண்டியதில்லை. அது பெரும்பாலும் சிலேட்டு.

சிலேட்டு என்று தெரிந்தபின் வருவதுதான் பெரிய சறுக்கல். ஜெர்மனியின் துரிங்கியாவில் கிடைத்த சிலேட்டுக் கற்களை சொன்னெபெர்க் நகரத்து எஷர் நிறுவனம் தாள் முத்திரை ஒட்டி விற்றது. அந்த முத்திரைக்காகவே இன்று விலை ஏறுகிறது. முத்திரை இல்லாத கல்லை 'எஷர்' என்பது நிறத்தை மட்டும் பார்த்துச் சொல்லும் ஊகம். வேல்ஸ் நாட்டிலிருந்தும் சவரக்கத்திக்குரிய சிலேட்டுகள் வந்திருக்கின்றன. அடர்த்தி இவ்விரண்டையும் பிரித்துக் காட்டாது. அத்தகைய கல்லின் அட்டையில் நான் எழுதுவது 'சிலேட்டுத் தீட்டுக்கல், சுரங்கம் தெரியவில்லை' என்பது மட்டுமே.