ட்ரோனை பிளாக்செயின்ல கட்டிட்டா போதுமா?

பினாங்கு பாயான் லெப்பாஸ் பக்கம் ஃபேக்டரிங்கள்ல ஓடுற கேமரா, சென்சார், ரவுட்டர் இதெல்லாம் ஹேக் ஆகுமான்னு டெஸ்ட் பண்றதுதான் என் வேலை. போன வாரம் பசியாறிக்கிட்டு இருக்கும்போது இந்த லைனுக்கு வரப் போற தம்பி ஒருத்தன் கேட்டான், “அண்ணே, ராணுவ ட்ரோன், ரேடியோ எல்லாத்தையும் பிளாக்செயின்ல போட்டுட்டா யாராலயும் கை வைக்க முடியாதாமே, நெசமா?” பாதி நெசம்னு சொன்னேன், மீதிய இங்க எழுதுறேன்.

2022 பிப்ரவரி 24, ரஷ்யப் படை உக்ரைனுக்குள்ள நுழையறதுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்னாடி, வியாசாட் கம்பெனியோட கேஏ-சாட் சாட்டிலைட் இன்டர்நெட் மோடம் ஆயிரக்கணக்குல படுத்துருச்சு. உக்ரைன் ராணுவமும் அந்த நெட்வொர்க்க பாவிச்சுக்கிட்டு இருந்துச்சு. அதே அடியில ஜெர்மனியில 5,800 காத்தாலைய தூரத்துலேர்ந்து கண்காணிக்க முடியாம போச்சு. ஹேக்கருங்க, சரியா செட் பண்ணாத ஒரு விபிஎன் (வெளியேர்ந்து கம்பெனி நெட்வொர்க்குக்குள்ள போற தனிப் பாதை) வழியா நுழைஞ்சு, மோடம்கள நிர்வாகம் பண்ற இடத்தையே பிடிச்சு, அங்கேர்ந்து மெமரிய அழிக்கிற கமாண்ட் அனுப்பிட்டாங்க. மோடத்துக்கு என்ன தெரியும், மேலேர்ந்து உத்தரவு வந்துச்சு, செஞ்சிருச்சு.

இந்த மாதிரி இடத்துலதான் பிளாக்செயின் உதவும். அது இப்படித்தான்: கோயில் கணக்கு நோட்டு பொருளாளர்கிட்ட மட்டும் இருந்தா ஒரு பக்கத்த கிழிச்சாலும் தெரியாது, கமிட்டியில பத்து பேரும் ஆளுக்கு ஒரு நோட்டு வச்சுக்கிட்டு, ஒவ்வொரு பக்கத்துலயும் முந்தின பக்கத்தோட ஹேஷையும் (உள்ள இருக்குறத வச்சு கணக்குப் போட்டு எடுக்குற, கைரேகை மாதிரி ஒரு எண்) எழுதி வச்சா, ஒரு காசு மாத்தினாலும் அதுக்குப் பின்னாடி எதுவுமே ஒட்டாது. (இந்த யோசனை பிட்காயினுக்கு முன்னாடியே, 1991ல ஹேபர், ஸ்டோர்னெட்டான்னு ரெண்டு பேர் எழுதினது.) ஃபர்ம்வேர், அதாவது கருவிய ஓட்டுற உள் சாஃப்ட்வேர், அதோட ஹேஷ அந்த நோட்டுல ஏத்திட்டா கருவி ஆன் ஆகும்போதே ஒப்பிட்டுப் பாக்கலாம். அதைவிட முக்கியம், ஆயிரம் கருவிய ஒரே நேரத்துல அழிக்கிற உத்தரவுக்கு மூணு பேர் கையெழுத்து வேணும்னு வச்சுட்டா, ஒரு நிர்வாகி அக்கவுண்ட் மட்டும் பறிபோனா காரியம் நடக்காது.

பிட்காயின் மாதிரி ஒரு பிளாக்குக்கு (நோட்டுல ஒரு புது பக்கம் மாதிரி) 10 நிமிஷம்னா போர்க்களத்துக்கு ஆகாது. அதனால ஹைப்பர்லெட்ஜர் ஃபேப்ரிக் மாதிரி, அனுமதி உள்ளவங்க மட்டும் சேர்ற செயின்தான் சரி வரும். அப்பவும் எதிரி சிக்னல ஜாம் பண்ணி தொடர்ப அறுத்துட்டா, தனியா மாட்டின கருவிக்கு புது பக்கம் எதுவும் வந்து சேராது.

எனக்கு பெரிய கவலை கீதான், அதாவது கருவி தன் பேர்ல கையெழுத்துப் போட பாவிக்கிற ரகசிய எண். ஒரு தடவை டெஸ்டுக்கு வந்த சென்சார் ஒண்ணோட ஃபர்ம்வேர பிரிச்சா, பிரைவேட் கீ உள்ளாறயே சும்மா எழுத்தா கெடந்துச்சு, அந்த மாடல் அத்தனைக்கும் அதே கீ! வயிறு கலங்கிருச்சு. அந்த ஒண்ணு கையில கிடைச்சா எந்த சென்சார் பேர்லயும் பொய்க் கணக்கு அனுப்பலாம், செயின் அதையும் சரின்னு எழுதிக்கும், அப்புறம் அழிக்கவும் முடியாது. 2016ல மிராய்ங்கிற மால்வேர் பரவினதும் ஃபேக்டரி பாஸ்வர்ட மாத்தாத கேமராக்களாலதானே. கீய தனி செக்யூரிட்டி சிப்புல, கருவிக்கு ஒண்ணா, வெளிய எடுக்க முடியாதபடி வைக்காம மேல என்ன செயின் கட்டினாலும் எனக்கு மனசு ஒப்பாது.

வீட்ல கெடக்குற பழைய கேமரா ஒண்ண எடுத்துக்கிட்டு சனிக்கிழமை வாடான்னு தம்பிகிட்ட சொல்லியிருக்கேன். ஃபர்ம்வேர பிரிச்சு கீய அவனே தேடட்டும்.