காலையில் பொரியும் மைக்: வலையைக் கழற்ற முன் இதை வாசியுங்கள்

ஐப்பசி மழை இறங்கியதும் பழைய கண்டென்சர் மைக்குகள் என் மேசைக்கு வரத் தொடங்கிவிடும். அவற்றில் பல இயற்கையாகப் பழுதானவை அல்ல. யாரோ அவசரத்தில் ‘துப்புரவு’ செய்ததால் பழுதானவை. என்னைக் கவலைப்படுத்துவது அதுதான்.

போன கார்த்திகையில் முல்லைத்தீவுப் பக்கத்துத் தேவாலயம் ஒன்றின் பாடகர் குழுவில் இருந்து ஒரு தம்பி கிளிநொச்சிக்கு வந்தார். கையில் துவாயால் சுற்றிய நொய்மன் யூ 87 என்ற ஸ்டூடியோ கண்டென்சர் மைக். ஜேர்மனியில் இருக்கும் ஊரவர் ஒருவர் கொடுத்ததாம்.

“அண்ணை, காலமை போட்டால் அப்பளம் பொரியிற மாதிரிச் சத்தம். மத்தியானம் தானாச் சரியாகுது. ஒளிவிழாவுக்கு ரெக்கோர்டிங் இருக்கு.”

பாதி வேலையை அவரே முடித்துவிட்டார். காலையில் பொரிந்து, வெயில் ஏற அடங்குகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஈரத்தைத்தான்.

காரணம் இதுதான். மைக்கின் கப்சூலில், அதாவது ஒலியைப் பிடிக்கும் தலைப்பகுதியில், தங்கம் பூசிய ஒரு படலம் இருக்கிறது. தலைமயிரின் தடிப்பில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். அதுவும் அதன் பின்தட்டும் சேர்ந்து ஒரு கொள்ளளவி, மின்னேற்றத்தைத் தேக்கி வைக்கும் பாகம். அதில் மின்னேற்றம் அசையாமல் நிற்க வேண்டும் என்பதற்காக 100 கோடி ஓம் அளவுள்ள தடையிகளைப் போட்டிருப்பார்கள். அவ்வளவு பெரிய தடைக்குப் பக்கத்தில் ஒரு விரல் ரேகையின் வியர்வையே போதும், மின்னேற்றம் கசிந்து ஓட. அந்தக் கசிவுதான் பொரியும் சத்தம்.

ஆனாலும் நான் உடனே மைக்கைத் திறப்பதில்லை. முதலில் கேபிளை மாற்றிப் பார்ப்பேன். இந்த மைக்குக்கு வேண்டிய மின் மிக்சரில் இருந்து கேபிள் வழியே வருகிறது. அதனால் அப்புறம் மைக் இல்லாமல் கேபிள் நுனியில் உள்ள மூன்று பின்களில் 1க்கும் 2க்கும், 1க்கும் 3க்கும் இடையில் அளப்பேன். இரண்டிலும் 48 வோல்ட்டுக்குக் கிட்ட, ஒரே அளவாக வர வேண்டும். ஒரு பக்கம் குறைந்தால் பிழை கேபிளிலோ மிக்சரிலோதான். 1967இல் வந்த இந்த மாதிரியில் 22.5 வோல்ட் பற்றரி இரண்டு வைக்கவும் இடம் உண்டு. பற்றரி கசிந்து உப்புப் பூத்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இதில் எல்லாம் சுத்தம்.

இங்கே பலர் விழும் குழி ஒன்று. கப்சூலுக்குப் போகும் வோல்ட்டை மல்டிமீற்றரால் அளந்தால் அரை வோல்ட் கூடக் காட்டாது. “கப்சூலுக்குக் கரண்ட் இல்லை” என்று நினைத்து நல்ல பாகங்களைக் கழற்றி எறிந்தவர்களைக் கண்டிருக்கிறேன். உண்மையில் அங்கே 45 வோல்ட் சொச்சம் இருக்கிறது. சாதாரண மீற்றரின் உள்தடை 1 கோடி ஓம்தான். அதை வைத்ததுமே வோல்ட் விழுந்துவிடுகிறது. பெரிய தடையிக்கு முன்னால், மின் வரும் பக்கத்தில் அளந்து பாருங்கள். சரியான கணக்கு வரும்.

அடுத்து, கப்சூலின் வயரைக் கழற்றி அந்த இடத்தில் 47 பிக்கோபரட் கொள்ளளவி ஒன்றை வைத்து, மூடியைப் பூட்டிக் கேட்டேன். பொரியல் அப்படியே இருந்தது. நிம்மதியாக இருந்தது, கப்சூல் தப்பிவிட்டது. உருப்பெருக்கியால் பார்த்தபோது டிரான்சிஸ்டரின் காலடியில் தேன் நிறத்தில் ஒரு திட்டு. முன்பு யாரோ ஈயம் வைத்துவிட்டுத் துடைக்காமல் விட்ட பிளக்ஸ், ஈயம் ஒட்டுவதற்குப் பூசும் பசை. அதன் ஓரத்தில் பெருவிரல் அடையாளம் தெளிவாகத் தெரிந்தது. 99 சதவீத ஐசோபுரோபைல் அல்கஹோலில் மென்மையான தூரிகையை நனைத்து மூன்று முறை கழுவினேன். காயத்துக்குப் பூசும் ஸ்பிறிட் இதற்கு ஆகாது, அதில் தண்ணீர் அதிகம். இரவு முழுக்க, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு மூடி வைத்தேன். மறுநாள் காலை ஆறு மணிக்கு, வெளியே மழை தூறிக்கொண்டிருக்க, போட்டுப் பார்த்தேன். மூச்சுச் சத்தம் கூட இல்லை.

எல்லா மைக்குக்கும் இப்படி வாய்ப்பதில்லை. வேறொருவர் மூக்குக்கண்ணாடித் துணியால் படலத்தைத் துடைத்துவிட்டுக் கொண்டுவந்தார். தங்கம் துணியோடு போய்விட்டது. அதற்கு நான் செய்யக்கூடியது எதுவும் இருக்கவில்லை. தயவுசெய்து படலத்தைத் தொடாதீர்கள், ஊதாதீர்கள், ஸ்பிறே அடிக்காதீர்கள். தலைமயிர் உலர்த்தியும் வேண்டாம். அரிசிக்குள் புதைக்கவும் வேண்டாம், தவிட்டுத் தூசி வலைக்குள் போய்விடும். கச்சான் காற்று கொண்டுவரும் செம்மண் தூசியே போதும்.

டிரான்சிஸ்டருக்குப் பதிலாகக் கண்ணாடி வால்வு போட்ட மைக் என்றால் இன்னும் கவனம். அதன் பவர் பெட்டியில் 100 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். பிளக்கைக் கழற்றிய பிறகும் கொள்ளளவிகளில் மின் தங்கும். பழக்கம் இல்லாதவர்கள் அதைத் திறக்கவே வேண்டாம்.

திருத்துபவரிடம் கொண்டுபோக முன் எந்த நேரம் சத்தம் வந்தது, மழையா வெயிலா, எந்த மிக்சரில் என்று ஒரு துண்டில் எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தம்பி இப்போது துவாயை விட்டுவிட்டார். இறுக்கி மூடும் சாப்பாட்டுப் பெட்டி ஒன்றுக்குள் சிலிக்கா ஜெல் பொதி நான்கோடு மைக்கை வைக்கிறார்.